பார்ப்பதும் குறிவைப்பதும்

ஈப்போ நகரின் லிட்டில் இந்தியாப் பகுதியில், ஞாயிறுதோறும் காலையில் நாம் சென்று அமரும் தேநீர்க் கடையொன்று உண்டு. சென்ற திங்கள் அக்கடையில் நம் இளைய நண்பர் ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்து, பீடிகை ஏதுமின்றி, "அண்ணே, ரைபிளுக்கு ஒரு ஸ்கோப் வாங்க வேண்டும். எது நல்லது, எப்படிப் பொருத்துவது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

நாம் வேட்டைக்காரர் அல்லேம். ஆனால் முப்பது ஆண்டுக் காலம் காமிராவும் தொலைநோக்கியும் பழுதுபார்த்து வயிறு வளர்த்தவர். வில்லையில் படரும் பூஞ்சையைத் துடைப்பதும், மயிரிழையளவு தளர்ந்த திருகை முடுக்குவதும் நமக்குக் கைவந்த தொழில். அதை எண்ணித்தான் கேட்டார். அவர் தந்தையார் பால்மரம் வெட்டியவர். நண்பரோ சுங்கை சிப்புட் பக்கம் சிறிது நிலம் வாங்கி வாழையும் மரவள்ளியும் இளஞ்செம்பனையும் வைத்திருக்கிறார். காட்டுப்பன்றிகள் ஓரிரவில் வந்து மூன்று மாத உழைப்பைக் கிளறிப் போட்டுவிட்டுப் போகின்றன. முறைப்படி உரிமம் பெற்ற வேட்டைக் குழுவொன்றில் அவர் சேர்ந்திருக்கிறார்.

உரிமம் என்பதை இந்நாட்டில் விளையாட்டாகச் சொல்லிவிட முடியாது. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி மாநிலக் காவல்துறைத் தலைவரின் அனுமதியின்றி ஒருவர் துப்பாக்கியைத் தொடவும் ஒண்ணாது. 1971இல் வந்த சட்டமோ, துப்பாக்கியைக் கொண்டு செய்யும் கொடுங்குற்றங்களுக்குத் தூக்குமேடை வரையில் தண்டனையை உயர்த்தியது. உரிமம் பெற்றவர்களுள்ளும் பெரும்பாலோர் கையிலிருப்பது ரவை சிதறும் குழல்துப்பாக்கியே. ஒற்றைக் குண்டை நெடுந்தொலைவு செலுத்தும் ரைபிள் மிகச் சிலருக்கே வாய்க்கும். ஆகவே இக்கட்டுரை சில பேருக்கு மட்டும் உரியது என்று வாசகர் எண்ணக்கூடும். அவ்வாறன்று என்பதை மேலே படிப்போர் உணர்வர்.

நண்பர் கேட்டதற்கு முதலில் விடை சொன்னோம். கண்ணாடியின் மேல் 4×32 என்பது போன்ற குறி ஒன்று இருக்கும். முன்னது, அது பொருளை எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும் என்பது. பின்னது, முன்வில்லையின் குறுக்களவு மில்லிமீட்டர்க் கணக்கில். பின்னதை முன்னதால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 32ஐ 4ஆல் வகுக்க 8. இருட்டில் இளைஞன் கண்ணின் பாவை ஏறக்குறைய 7 மி.மீ. விரியும், ஐம்பதைத் தாண்டியவர்க்கு 5 மி.மீ. அளவோடு நின்றுவிடுவதும் உண்டு. எனவே நான்கு மடங்குக் கண்ணாடி, அந்தி மயங்கும் பொழுதிலும் கண் கொள்ளும் ஒளி முழுவதையும் தந்துவிடும். "பன்னிரண்டு மடங்கு காட்டுமாமே" என்று ஆசைப்பட்டு 12×40 வாங்குவோர் பெறுவது மூன்று மி.மீ. சொச்சம். பன்றி வரும் பொழுதோ அந்தியும் விடியலும். நண்பகலில் வானளாவப் பேசும் அக்கண்ணாடி, வேண்டிய வேளையில் இருண்டு போகும்.

அன்றியும், பெருக்கம் கூடக்கூடப் பார்வையின் வட்டம் சுருங்கும். நான்கு மடங்குக் கண்ணாடி நூறு மீட்டருக்கு அப்பால் ஏறத்தாழ பத்து மீட்டர் அகலத்தைக் காட்டுமானால், பத்து மடங்குக் கண்ணாடி நான்கு மீட்டர் அளவே காட்டும். பேராக்கின் புதரிலும் செம்பனை நிரையிலும் ஐம்பது மீட்டருக்கு மேல் எதையும் காண்பது அரிது. ஒன்று முதல் நான்கு மடங்கு வரை மாற்றிக்கொள்ளும் சிறு கண்ணாடியே இங்குப் போதும் என்றோம். நண்பர் முகம் சற்று வாடிற்று. பெரிய கண்ணாடியைக் குழுவினருக்குக் காட்டவேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

பொருத்தும் முறையை விரிவாகவே சொன்னோம். அதில்தான் நம் தொழிலின் பெருமை இருக்கிறது! கண்ணுக்கும் கண்ணாடிக்கும் எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். குறைந்தால், சுட்டவுடன் பின்னோக்கி வரும் உதையில் கண்ணாடியின் விளிம்பு புருவத்தில் பிறைபோல வெட்டிவிடும். ரைபிளைத் தோளில் ஏற்றிக் கண்ணை மூடி, கன்னத்தைக் கட்டையில் வைத்து, பின் கண்ணைத் திறந்தால் வட்டம் முழுமையாகத் தெரியவேண்டும். கழுத்தை நீட்டியும் குறுக்கியும் தேடும்படி இருத்தலாகாது. குறுக்கிழை நேர்நிற்க வேண்டும். வளையங்களின் திருகுகளை ஒன்றை முழுதும் முடுக்கிவிட்டு மற்றொன்றுக்குப் போகாமல், மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். மிகுதியாக முடுக்கினால் குழாய் நசுங்கும். மரக்கட்டை உள்ள ரைபிளாயின், நம் நாட்டு மழைக்காலத்தில் மரம் உப்பிக் குறி மாறும். ஆகையால் பருவந்தோறும் சோதிக்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நண்பர், "அவ்வளவு நுணுக்கமா அண்ணே? ஒரு தாள் கனம் இப்படி அப்படி இருந்தால் என்ன?" என்றார். காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினோம். தாளொன்றின் கனம் ஏறக்குறைய மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு. இரு வளையங்களுக்கும் இடையே நூறு மில்லிமீட்டர் தூரம் என்று கொள்வோம். ஒரு வளையம் தாளளவு நகர்ந்தால், பார்வைக் கோடு ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்கிறது. நூறு மீட்டருக்கு அப்பால் அச்சாய்வு பத்து சென்டிமீட்டர். பன்றியின் நெஞ்சுக்கூட்டில் உடனே உயிர் போகும் இடம் ஒரு சிறு தட்டின் அகலமே. நடுவைக் குறிபார்த்தவன் குண்டு அதன் விளிம்பில் படும், அல்லது குடலில் பாயும். முதல் உலகப் போரில், வேட்டையில் பெயர்பெற்ற ஹெஸ்கத் பிரிச்சர்டு என்னும் ஆங்கிலேயர் பிரான்சுப் போர்முனைக்குச் சென்று சோதித்தபோது, படையினருக்கு வழங்கப்பட்டிருந்த கண்ணாடி பூட்டிய ரைபிள்கள் பல குறி தவறி இருக்கக் கண்டார். அவற்றை வைத்திருந்தோருக்கு அது தெரியாது. கண்ணாடியில் எல்லாம் தெளிவாகத் தெரிந்ததல்லவா! தெளிவாகத் தெரிவதும் சரியாகப் படுவதும் வேறுவேறு என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

குடலில் குண்டு பட்ட பன்றி உடனே சாவதில்லை. புதருக்குள் ஓடி, ஒரு நாளோ இரு நாளோ கிடந்து துடித்துச் சாகும். அதற்கிடையில் வழியே வருபவர் மீது பாய்ந்து தொடையைக் கிழிக்கவும் கூடும். இதனாலேயே, நன்றாகப் பொருத்திச் சோதித்த கண்ணாடி ஓர் இரக்கக் கருவி என்று வேட்டைக்காரர் வாதிப்பர். இவ்வாதத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். கொல்லாமையும் புலால் மறுத்தலும் தனித்தனி அதிகாரமாகப் பெற்ற நூல் நம்முடையது. அவ்வழியில் முற்ற நிற்பவர்க்கு இக்கேள்வியே எழாது. ஆனால் விளைநிலத்தைக் காக்கக் கொன்றே தீரவேண்டும் என்று முடிவு கட்டியவனுக்கு, எப்படிக் கொல்வது என்ற கேள்வி மிஞ்சி நிற்கிறது. அக்கேள்விக்குத் திருகாணியும் ஒரு விடைதான்.

நண்பர் மனநிறைவோடு போய்விட்டார். நமக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை. நாற்பது ஆண்டுக்கு முன்பிருந்து ஒரு முகம் எழுந்து வந்து நின்றது.

1970களின் பிற்பகுதி. நாம் அப்பொழுது 14 வயதுப் பையன். சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் குடியிருந்தோம். அத்தோட்டம் இன்றில்லை, பால்மரத்தை வீழ்த்திச் செம்பனை வைத்தார்கள், பின்பு அதில் ஒரு பகுதி வீடமைப்புத் திட்டமாயிற்று. நம் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஓர் அம்மையார் இருந்தார். நாம் அவரை அக்கா என்றே அழைப்போம். பெரட்டு முடிந்து, இருள் பிரியுமுன் நெற்றி விளக்கோடு தம் நிரைக்குப் போய்விடுவார்.

ஒருநாள் மாலை, பட்டணத்திலிருந்து வேட்டைக்கு வந்து போகும் பெரிய மனிதர் ஒருவர், தோட்டத்துக் கடை வாசலில் நின்று சிரிக்கச் சிரிக்க ஒரு கதை சொன்னார். அன்று விடிகாலையில் ஓடைக்கு அக்கரையில் அவர் காத்திருந்தாராம். நிரைக்கு நடுவே, புல்லும் பெரணியும் மண்டிய இடத்தில், கரியதாய் ஒன்று குனிந்து அசைந்ததாம். பன்றிதான் என்று ரைபிளை உயர்த்திக் கண்ணாடி வழியே பார்த்தாராம். "பார்த்தால் மூக்குத்தி! பளிச்சென்று மின்னுகிறது. நம்ம பொம்பிளை ஒன்று விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து கட்டிப்பால் பொறுக்குது. என்னமாய்த் தெரியுது தெரியுமா? நெற்றிப் பொட்டுகூட எண்ணலாம். ஜெர்மன் கண்ணாடி ஐயா!" என்றார்.

கூடியிருந்தோரில் கிராணியார் ஒருவர், "நல்ல கண்ணாடியாய் இருந்ததால் ஓர் உயிர் தப்பியது" என்று மெச்சினார். கிழக் கங்காணி ஒருவர், "பதறிச் சுடாமல் பார்த்துச் செய்தாரே, அதுதான் பெரிய மனுசத்தனம்" என்றார். எம் தந்தையார் மட்டும், கையிலிருந்த சாமான் பையைக் கீழே வைத்துவிட்டு, மெல்லக் கேட்டார்: "மூக்குத்தி மின்னுகிற வரைக்கும் அங்கே இருந்தது என்ன என்று நினைத்தீர்கள், ஐயா?"

"பன்றி என்றுதான்."

"அதுவரைக்கும் விரல் எங்கே இருந்தது?"

அவர் விடை சொல்லவில்லை. கிராணியார் பேச்சை மாற்றினார். தந்தையார் பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். வீட்டிலும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நாம் ஆராய விரும்பும் பொருள் இதுவே. அந்த அம்மையாருக்கு ஓர் ஊறும் நேரவில்லை. அவருக்கு எதுவும் தெரியவும் தெரியாது. கட்டிப்பாலைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போயிருப்பார். சுட நினைத்தவனோ, மனிதப் பிறவி என்று கண்டவுடன் நிறுத்திவிட்டான். தீங்கும் இல்லை, தீய எண்ணமும் இல்லை. அப்படியாயின் குற்றம் உண்டா? உண்டென்றால் அது எங்கே இருக்கிறது?

தயரதன் கதையை நினைத்துப் பார்ப்போம். அது நடந்த கதையா, கட்டிய கதையா என்ற வழக்கு இங்கு வேண்டாம். இருட்டில் ஆற்றங்கரையில் குடம் முழுகும் ஒலியைக் கேட்டு, யானை நீர் குடிக்கிறதென்று எண்ணி அம்பை விட்டான். பட்டது, கண்ணிழந்த பெற்றோருக்கு நீர் மொள்ள வந்த இளைஞன் மார்பில். ஒலியைக் கொண்டே எய்யும் வித்தை கற்றவன் என்ற செருக்கு அவனுக்கு இருந்தது. இக்கதையைக் கேட்கும் எவரும் தயரதன் பிழை செய்தான் என்றே கூறுவர். இப்போது கதையைச் சற்று மாற்றுவோம். அன்றிரவு ஆற்றங்கரையில் உண்மையாகவே யானைதான் நீர் குடித்தது என்று வைத்துக்கொள்வோம். அரசன் அதே செருக்கோடு, அதே இருட்டில், அதே ஒலியைக் கேட்டு, அதே அம்பைத்தான் விட்டான். அவன் செய்கையில் என்ன மாறிற்று? ஒன்றுமில்லை. ஆற்றங்கரையில் யார் நின்றார் என்பது மட்டும் மாறிற்று. அது அவன் கையில் இருந்ததன்று. பின் ஏன் முதற்கதையில் அவனைப் பழிக்கிறோம், இரண்டாவதில் பாராட்டுகிறோம்?

மேனாட்டு அறிஞர்களான பெர்னார்டு வில்லியம்சு, தாமஸ் நேகல் ஆகிய இருவரும் 1976இல் இக்கேள்வியையே எழுப்பி, ஒழுக்கத்திலும் தற்செயலுக்குப் பங்குண்டோ என்று வாதிட்டனர். குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒரு குழந்தையை இடித்தவனும், அவ்வாறே ஓட்டி வீடு வந்து சேர்ந்தவனும் நம் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவதில்லை. ஆயினும் இருவர் செய்ததும் ஒன்றே. முன்னவனுக்குச் சிறை, பின்னவனுக்குச் சோறு. நம் கிராணியார் அந்தப் பட்டணத்தாரைப் பின்னவனைப் போலவே கண்டார். எம் தந்தையாரோ முன்னவனைப் பார்க்கும் கண்ணால் பார்த்தார் என்று இப்போது நமக்குப் படுகிறது.

வள்ளுவர் கள்ளாமை அதிகாரத்தில், செய்கைக்கு முன் எண்ணத்தையே குற்றமாக வைத்தார். அவ்வளவு நுண்ணிய வலையிலும் இம்மனிதர் அகப்படமாட்டார். அவர் எண்ணத்தில் பன்றி தவிர வேறில்லை. ஆனால் அதே நூலில் பொச்சாவாமை என்றோர் அதிகாரம் இருக்கிறது. மறதியும் சோர்வும் இன்றி விழிப்பாய் இருத்தலைப் பேசுவது அது. அதை வள்ளுவர் அறத்துப்பாலில் வைக்காமல், பொருட்பாலில், அரசனுக்கு உரியவற்றிடையே வைத்தார் என்பதை நாம் நெடுநாள் கவனியாதிருந்தோம். எளியவன் சோர்ந்தால் அவன் வீடு கெடும். ஆற்றல் உடையவன் சோர்ந்தால் பிறர் வீடு கெடும் என்பதனால் அங்ஙனம் வைத்தார் போலும். கையில் ரைபிளை உயர்த்தி நிற்பவன் அந்தச் சில நொடிகளுக்கு ஓர் அரசனே. சிறு .22 தோட்டாவின் குண்டுகூட ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் செல்ல வல்லது. வேட்டை ரைபிளின் குண்டோ அதனினும் நெடுந்தொலைவு போகும். அத்தொலைவுக்குள் உள்ள லயமும் பள்ளியும் பாதையும் அவன் ஆட்சிக்குட்பட்டவை. குடிகளுக்குத்தான் அது தெரியாது.

இனி, குற்றம் எங்கே என்ற கேள்விக்கு வருவோம். அந்த மனிதர் கண்ணாடி வழியே பார்த்தது, சுடலாமா என்று முடிவு செய்வதற்காக அல்ல. அது என்னவென்று தெரிந்துகொள்வதற்காக. கண்ணாடி ரைபிளோடு பூட்டப்பட்டது. ஆகவே அதைக் கொண்டு எதை நோக்கினாலும் குழல்வாயும் அதை நோக்கும். வேறொருவரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் அவரைக் குறிவைத்தாக வேண்டும். தமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள, அறியாத ஒருவருடைய உயிரை அவர் பணயமாக வைத்தார். வைக்கப்பட்டவரைக் கேளாமலே வைத்தார். விசையில் ஒரு தும்மல், காலடியில் ஒரு சறுக்கல், மரத்திலிருந்து விழும் ஓர் எறும்பு போதும். பணயம் திரும்பக் கிடைத்துவிட்டதால் சூதாடவே இல்லை என்று ஆகிவிடுமா?

"அப்படியானால் கண்ணாடியே வேண்டாம் என்கிறீரா? வெறுங்கண்ணால் பார்த்திருந்தால் சுட்டே இருப்பாரே!" என்று கேட்போர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வெறுங்கண்ணோடு இருந்திருந்தால் ஐயம் தீரும்வரை ரைபிளை உயர்த்தாமல் இருப்பது அவர் கடமை. கண்ணாடி அக்கடமையை மறக்கச் செய்தது. தெரிந்தபின் உயர்த்து என்பது போய், உயர்த்தித் தெரிந்துகொள் என்று ஆயிற்று. பார்ப்பதற்கென்றே இரு கண்ணுக்கும் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி தனியே இருக்கிறது, விலையும் பெரிதன்று, அதன் வாயிலிருந்து குண்டு வராது.

வேறொரு சாரார், தூரமே எல்லாத் தீமைக்கும் வேர், நம் முன்னோர் அருகே சென்றல்லவோ வேட்டையாடினர் என்பர். இவ்வூரின் பெயரே அதற்குச் சான்று கூறுவது போல் இருக்கிறது. ஈப்போ என்பது ஒரு மரம். அதன் பாலில் நஞ்சு காய்ச்சி, ஊதுகுழல் அம்பின் நுனியில் தடவி, செமாய், தெமியார் முதலிய பூர்வகுடி மக்கள் குரங்கும் அணிலும் வேட்டையாடி வந்தனர். ரயில் நிலையத்தின் எதிரே இன்றும் ஒரு மரம் நிற்கிறது. அதனடியில் வண்டிக்குக் காத்திருப்போருள் எத்தனை பேருக்கு அது நஞ்சுமரம் என்று தெரியுமோ! மூச்சுக் காற்றில் செல்லும் அம்பு ஆதலின் வேட்டுவன் மிக அருகே நெருங்க வேண்டும். விலங்கின் கண்ணையும் காதையும் ஏமாற்றி நெருங்கியவனுக்கு அது என்ன விலங்கு என்ற ஐயம் எழ இடமில்லை. நஞ்சு உடனே கொல்லாது. ஆகவே எய்தபின் அதைப் பின்தொடர்ந்து போக வேண்டும். இவ்வளவும் மெய்.

ஆயினும் நெருக்கத்தை ஓர் அறமாகத் தூக்கி வைப்பதற்கு நாம் உடன்படோம். தூரத்தைவிடக் கொடியது ஒன்று உண்டு, அது இல்லாமை. கம்பிச் சுருக்கு வைப்பவனைப் பாருங்கள். அவன் அருகிலும் இல்லை, தொலைவிலும் இல்லை, வீட்டில் படுத்திருக்கிறான். சுருக்கு எதையும் பார்ப்பதில்லை. பன்றிக்கு வைத்ததில் மானும் விழும், கரடியும் விழும், புலியும் விழும். இந்நாட்டில் 2022இல் வெளிவந்த கணக்கெடுப்பின்படி மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு. பேராக்கின் வடபாகத்திலுள்ள பெலும், தெமெங்கோர்க் காடுகளில் அவற்றைக் காக்கும் காவலர்க்குப் பெரிய பகை சுருக்குக் கம்பியே. காடு நம்முடைய வீடன்று என்று தோட்டத்து மக்களாகிய நாம் வாளாவிருக்கக் கூடாது. சைக்கிள் பிரேக்குக் கம்பியில் சுருக்குச் செய்து வைத்துவிட்டு மறந்துபோனவர்கள் நம் லயங்களிலும் இருந்தார்கள்.

கண்ணாடியின் வட்டத்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அது வட்டத்துக்குள் இருப்பதைப் பெரிதாக்குகிறது. வட்டத்துக்கு வெளியே உள்ளதை அடியோடு மறைக்கிறது. 1932ஆம் ஆண்டு, கீழ்ப் பேராக்கில், அன்று தெலுக் ஆன்சன் என்று வழங்கிய இன்றைய தெலுக் இந்தான் வட்டாரத்தில், ஆர்தர் வெர்னே என்பவர் ஜாவாக் காண்டாமிருகம் ஒன்றைச் சுட்டார். லண்டன் அருங்காட்சியகத்துக்கு வேண்டும் என்பது காரணம். அறிவு வளர்ச்சிக்காகச் செய்த காரியம். தந்தத்துக்கும் கொம்புக்கும் பேராசைப்பட்டுச் செய்ததன்று. அதற்குப்பின் மலாயாவில் அவ்வினத்தில் ஒன்றை உறுதியாகக் கண்டார் இல்லை. அவர் எந்தக் கண்ணாடி வழியே குறிபார்த்தாரோ, வெறுங்கண்ணாலேயே பார்த்தாரோ, அது நம் வாதத்துக்கு வேண்டியதில்லை. அவ்விலங்கு அவர் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அதன் தோலின் மடிப்பும் தெரிந்திருக்கும். அதற்குப்பின் வேறில்லை என்பது எந்த வில்லையிலும் தெரிவதன்று. அதே 1932இல்தான், முன்னாள் வேட்டைக்காரரான தியோடர் ஹப்பக் தலைமையேற்ற மலாயாக் காட்டுவிலங்கு ஆணையத்தின் அறிக்கையும் வெளிவந்தது. யானையும் காட்டெருமையும் சுட்டு அதைப் பற்றி நூலும் எழுதிய ஹப்பக், பிற்காலத்தில் காட்டைக் காக்க ஓயாது வாதாடினார். 1939இல் அமைந்த தேசியப் பூங்கா, இன்று தாமான் நெகாரா எனப்படுவது, அவ்வுழைப்பின் பயன். ஒரே ஆண்டில் ஒருவர் வட்டத்துக்குள் பார்த்தார், மற்றவர் வட்டத்துக்கு வெளியே பார்த்தார்.

நம் அடுத்த வீட்டு அம்மையாரும் வட்டத்துக்குள் பெரிதாகவே தெரிந்தார். மூக்குத்தியும் பொட்டும் எண்ணும்படி தெரிந்தது. ஆனால் அவர் அந்நேரத்தில் அங்கே இருப்பார் என்பதைத் தெரிந்துகொள்ளக் கண்ணாடியா வேண்டும்? விடியுமுன் பால்மரத்து நிரையில் ஆள் இருக்கும் என்பது தோட்டத்துக் குழந்தைக்கும் தெரியும். பட்டணத்தாருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வராமற் போவதற்குக் காரணம் உண்டு. குன்றின் மேல் துரையின் பங்களா, கீழே வரிசையாய் லயம் என்று கட்டப்பட்ட தோட்டத்தில், மேலிருந்து பார்ப்போருக்குக் கீழிருப்போர் எண்ணிக்கையாகத் தெரிவரே அன்றி ஆளாகத் தெரியார். 1948 ஜூன் 16ஆம் நாள் காலையில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து நாடெங்கும் அவசரகாலம் வந்து, 1960 வரை நீடித்தது. அப்பன்னிரண்டு ஆண்டுகளில் இப்பகுதித் தோட்டத்து மக்கள் துப்பாக்கியை முன்பக்கமிருந்தே பார்த்துப் பழகினர். காட்டிலிருந்து வருபவனும் அவர்களைக் குறிபார்த்தான். சோதனைச் சாவடியில் நிற்பவனும் பார்த்தான். "நீ யார்?" என்ற கேள்வி குழல்வாயோடு சேர்ந்தே வந்தது. எம் தந்தையார் அக்காலத்தில் இளைஞர். அன்று கடை வாசலில் அவர் கேட்ட கேள்வி எங்கிருந்து வந்ததென்று நமக்கு இப்போதுதான் விளங்குகிறது.

மறுவாரம் நண்பரைக் கண்டபோது, முன்பு சொன்ன விடையில் ஒன்றைச் சேர்த்தோம். "தம்பி, ஸ்கோப் பிறகு வாங்கலாம். முதலில் ஒரு தொலைநோக்கி வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் பார்த்துப் பன்றி என்று முடிவாகத் தெரிந்து, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்த பிறகே ரைபிளைத் தொடவேண்டும்."

அவர் சிரித்தார். "பன்றி அதுவரை நிற்குமா அண்ணே?"

"நிற்காது. போகட்டும்."

"மரவள்ளி போய்விடுமே!"

"போகும்" என்றோம். வேறென்ன சொல்வது? மூன்று மாத உழைப்பு என்பது அவருக்குச் சிறிதன்று. அதை நாம் ஈடு செய்யப் போவதும் இல்லை. இரண்டு தடவை தேநீர் வரவழைத்துக் குடித்தோம். கடைசியில், குழு வேட்டைக்குப் போகும் நாட்களை முன்கூட்டியே அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குச் சொல்லிவிடுவதாகவும், பக்கத்துச் செம்பனைக் காட்டில் வேலை செய்யும் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்க்கு அவர்கள் மொழியில் எழுதி ஒட்டுவதற்கு ஆள் தேடுவதாகவும் சொன்னார். தொலைநோக்கியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த அம்மையார் இன்றும் இருக்கிறார். தோட்டம் மூடிய பின், மகனோடு ஈப்போவின் புறத்தே ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறார். தீபாவளிக்குப் போனால் முறுக்குத் தட்டை முன்னே வைத்துவிட்டு, பழைய நிரைக் கதைகளை விடாமல் சொல்வார். பாம்பு மிதித்தது, மழையில் பால் கெட்டது, தண்டல் பெயரைக் கெடுத்தது. அவர் கதைகளில் அந்த விடிகாலை இல்லை. மூக்குத்தி மட்டும் அதே மூக்குத்தி. ஒவ்வோர் ஆண்டும் சொல்லிவிடலாமா என்று நினைக்கிறோம். அவருக்கு உரிய செய்தியை அவருக்குச் சொல்லாமல் வைத்திருக்க நாம் யார் என்று ஒரு மனம் கேட்கிறது. நிம்மதியாக முறுக்குப் பிழிபவரை எதற்குக் கலக்க வேண்டும் என்று மற்றொன்று கேட்கிறது. சென்ற தீபாவளிக்கும் சொல்லவில்லை.